திண்ணைப் பள்ளியின் சுவடித்தூக்கு

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நூலகம் என்று தனி அறை இருந்ததில்லை. அச்சுப் புத்தகம் பரவும்வரை, படிக்கவேண்டிய நூலை மாணவனே ஏட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டான். எழுதிய சுவடிகளைக் கட்டித் தொங்கவிடும் சுவடித்தூக்குதான் அவனுடைய நூலகம். நூலைப் படிப்பதும் நூலை உருவாக்குவதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன.

கையெழுத்துப் பயிற்சி மணலில் தொடங்கியது. தரையில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லியபடியே விரலால் எழுத வேண்டும். பிழையானால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், செலவில்லை. விரல் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. உபாத்தியாயர் ஓலையில் கீறித் தந்த எழுத்துகளின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவது அடுத்த படி.

ஏடு தயாரிப்பதே ஒரு கைத்தொழில். பனையோலையை ஒரே அளவாக நறுக்கி, பதப்படுத்தி உலர்த்தி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி தயார். எழுதும்போது மேசை கிடையாது. இடக்கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைப் பதித்து, ஓலையை மெல்ல நகர்த்திக்கொண்டே கீற வேண்டும். அழுத்தம் கூடினால் ஓலை கிழியும். குறைந்தால் எழுத்துத் தெரியாது. கீறிய எழுத்தின் மேல் மஞ்சள், கரி, இலைச்சாறு போன்றவற்றைத் தடவித் துடைத்தால், கோடுகளுக்குள் கறுப்பு நின்று எழுத்துப் பளிச்சென்று தெரியும்.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில், நெடில் கொம்புகளுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே பாடலைச் செவிவழியாக முன்பே மனப்பாடம் செய்தவனுக்குத்தான் ஏடு தடையில்லாமல் வாசிக்க வந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, நிகண்டு ஆகியவற்றைக் காதும் நாவும் கையும் சேர்ந்தே கற்றன.

கணக்குப் பாடம் ஊரின் தொழிலோடு ஒட்டியிருந்தது. பொன்னிலக்கம் முழு எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது: முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு. நெல்லிலக்கம் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று முகத்தல் அளவையை வரிசைப்படுத்தியது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளைத் தந்தது. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் கணிக்க உதவியது. இவற்றைத் தன் கையால் எழுதி முடித்த சிறுவன் களத்துமேட்டிலும் கடையிலும் கணக்குப் பார்க்கத் தகுதி பெற்றான்.

பெரிய பையனான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொன்னான். 1789இல் சென்னை எழும்பூர் ராணுவ அனாதை ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்த அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தனர். அவர்களில் சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. பிரம்படியும் கடுந்தண்டனையும் அன்றாட வழக்கம். கைவழிக் கல்வியின் சிறப்பைச் சொல்லும்போது இந்தக் குறைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை நீங்கியது. எண்சுவடியும் நீதிநூல்களும் மலிவான அச்சுப் பிரதிகளாக வந்தன. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை அரசு மானியத்துக்கு வழி திறந்தது. மானியம் வேண்டிய பள்ளிகள் அரசு வகுத்த பாடத்திட்டத்துக்கு மாறின. சிலேட்டும் காகிதமும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. நூல் கடையிலிருந்து வரத் தொடங்கியதும், அதைச் செய்யும் திறமை பாடத்திட்டத்திலிருந்து விலகியது.

மாணவர் எழுதிய சுவடிகளில் பல செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் மறைந்தன. எஞ்சிய எண்சுவடிப் பிரதிகள் சுவடி நூலகங்களில் உள்ளன. எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் சில ஏடுகளில் காணப்படுகின்றன. தமிழர் கணக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை அறிய, இலக்கண நூல்களோ அரசுக் குறிப்புகளோ தராத நேரடிச் சான்று இந்த ஏடுகளே.