பதினெட்டுக் கிலோ

எங்கள் மருந்துக் கிடங்கில் மற்ற அலமாரிகளுக்கெல்லாம் ஒரு சாவி, மார்பின் அலமாரிக்கு இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று தலைமைச் செவிலியரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். எண்பதுகளின் கடைசியில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராகச் சேர்ந்த புதிதில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே பதிவேட்டைத்தான். நோயாளி பெயர், கட்டில் எண், டாக்டர் கையெழுத்து, கொடுத்தது, மீதி. காலி ஆம்ப்யூல் திரும்பி வந்தால்தான் அடுத்தது போகும். கைதவறி ஒன்று உடைந்தால் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது.

அந்த ஊசிகள் அறுவைசிகிச்சை அரங்குக்குப் போயின. "இனிமேல் செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளுக்குப் போகவில்லை. அவர்களுடைய வீட்டார் கவுன்ட்டருக்கு வந்து நிற்பார்கள். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா சொன்னது இது: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தறாருங்க. பக்கத்து வூட்டுக்காரங்க கதவச் சாத்திக்கறாங்க. தூக்க மாத்திரையாச்சும் குடு கண்ணு." பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், கொஞ்சம் வசதி இருந்தால் ஃபோர்ட்வின் ஊசி. இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. வாயில் போட்டு விழுங்கும் மார்பின் மாத்திரையை நான் கண்ணால் பார்த்ததே பல ஆண்டுகள் கழித்து, கோழிக்கோட்டில்தான்.

மார்பின் சீமைச் சரக்காக இருந்திருந்தால் விலை, இறக்குமதி என்று ஏதாவது காரணம் சொல்லலாம். அதன் மூலப்பொருளான அபின் நம் மண்ணிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் வட்டாரத்திலும் ராஜஸ்தானின் சித்தோர்கட் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி வளர்க்கிறார்கள். காயைக் கீறி, வடியும் பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுத்து, கடைசிக் கிராம் வரை மத்தியப் போதைப்பொருள் துறையிடம் ஒப்படைக்கிறார்கள். ஏற்றுமதிக்காகச் சட்டப்படி அபின் பிசின் எடுக்கும் நாடு உலகத்தில் நம்முடையது ஒன்றுதான். அதைப் பதப்படுத்தும் காசிப்பூர் ஆலை 1820-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. சீனாவுக்குப் போதையை ஏற்றி அனுப்பிய அதே இடத்திலிருந்து பிற்காலத்தில் வெள்ளைக்காரர்களின் வலிக்கு அபின் கப்பலேறியது. அந்த ஆலைக் கழிவைக் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கும் குரங்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. உள்ளூர் மனிதர்களைவிட அந்தக் குரங்குகள் கொடுத்துவைத்தவை என்று எங்கள் தலைமை மருந்தாளுநர் சொல்வார். யாரும் சிரித்ததில்லை.

1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றங்கள் பலவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டுச் சிறை. சட்டம் மார்பினைத் தடை செய்யவில்லை, மருத்துவத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தது. இந்தியா கையெழுத்திட்ட 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று முகவுரையிலேயே சொல்கிறது. ஆனால் விதிகளை எழுதியவை மாநிலங்கள். வைத்திருக்க ஒரு உரிமம், வெளிமாநிலத்திலிருந்து தருவிக்க ஒன்று, அங்கிருந்து அனுப்ப ஒன்று, கொண்டுவர ஒன்று. கலால் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சுகாதாரத் துறை என்று மேசை மேசையாகக் கோப்பு நகரும். எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் சரக்கு வரும். நாலாவது கைக்கு வருவதற்குள் முதலாவது காலாவதி ஆகியிருக்கும். பதிவேட்டில் ஒரு எண் தவறினால் சிறை என்ற பயம் வேறு. எந்த நிர்வாகமும் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுதான் சொல்லும். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. 1997-ல் இந்தியா முழுவதற்கும் செலவானது 18 கிலோ. ஆளுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதே ஆண்டுகளில்தான் வெளியுலகம் மார்பினைச் சரியாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். லண்டனில் செவிலியராக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனவர். வார்சாவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத ஓட்டல் பணியாளர் 1948-ல் புற்றுநோயால் இறக்கும்போது, சாவோரைப் பராமரிக்க சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுன் விட்டுச் சென்றார். அப்போது இல்லமும் இல்லை, நிலமும் இல்லை. செயின்ட் லூக்ஸ் என்ற காப்பகத்தில் மாலை நேரத் தொண்டு செய்தபோது சாண்டர்ஸ் ஒன்றைக் கவனித்தார். அங்கே செவிலியர்கள் நோயாளி கத்தும்வரை காத்திருக்கவில்லை, மணி பார்த்து மார்பின் கொடுத்தார்கள். நோயாளிகளும் மயங்கிக் கிடக்கவில்லை, எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். டாக்டர்கள் இதைக் கேட்க வேண்டுமென்றால் நீ டாக்டராகு என்று ஒரு அறுவைசிகிச்சை நிபுணர் சொன்னார். படித்து 1957-ல் டாக்டரானார். டாஸ்மாவின் சன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் 1967-ல் லண்டனின் சிட்னமில் திறந்தது.

மருந்தாளுநராக எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் கடிகாரம்தான். வாய்வழி மார்பின் நான்கு மணி நேரம் வேலை செய்யும். ஐந்தாவது மணியில் வலி திரும்பும். வலித்தபின் கொடுத்தால் நோயாளி பாதி நாள் வலியிலும் மீதி நாள் வலி வருமோ என்ற பயத்திலும் கிடப்பார், அளவும் கூடிக்கொண்டே போகும். வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் குறைந்த அளவே போதும். 1986-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டி இதைத்தான் சொன்னது: வாய் வழியாக, மணி பார்த்து, படிப்படியாக. அதே ஆண்டு பம்பாய் பாந்த்ராவில் டாக்டர் டிசூஸா முயற்சியில் சாந்தி அவேத்னா என்ற, இந்தியாவின் முதல் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் தொடங்கியது. சட்டம் வந்து அப்போது ஏறத்தாழ ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

கோழிக்கோட்டுக்கு வருகிறேன். அங்கே மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்தவர் எம்.ஆர். ராஜகோபால். அவரே பலமுறை சொன்ன சம்பவம். புற்றுநோயால் துடித்த ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார். வலி நின்றது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்க, வலி போய்விட்டதால் வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். நோய் தீராது என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பை மட்டும் பார்த்தோம், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உறுத்தலிலிருந்துதான் ராஜகோபாலின் பிற்காலம் முழுவதும் புறப்பட்டது. உடல் வலியோடு பயம், கடன், பிள்ளைகளின் படிப்பு, கடவுள் மேல் கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்று சாண்டர்ஸ் அறுபதுகளிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மில்லிகிராமில் யோசிக்கப் பழகியவர்கள். எங்களுக்கு அது உறைக்க நாளாகும்.

1993-ல் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் டாக்டர் ஒருவர் அங்கே பயிற்சிக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஒரு பகல் பயணம்தான். புறநோயாளிகள் வரிசையில் பாதிப் பேர் நோயாளிகளே அல்ல, மருந்து வாங்க வந்த மகன்கள், மருமகள்கள். மார்பின் மாத்திரைகளை எண்ணிக் காகித உறையில் போட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்கு உறைமேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார்கள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்துக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரியில் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்பதற்காக. மார்பினோடு மலமிளக்கியும் கட்டாயம் உண்டு. அதை எழுத மறந்த டாக்டரின் சீட்டை மருந்துக் கவுன்ட்டரில் இருந்த பெண் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

வீட்டுக்குக் கொடுத்தால் வெளியே விற்றுவிடுவார்களே என்பது அதிகாரிகளின் நிரந்தரக் கேள்வி. அங்கே அதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டில் வைத்துச் சாப்பிட மார்பின் கொடுத்ததில் ஒன்றுகூடத் தவறான கைக்குப் போனதாகத் தெரியவில்லை என்று 2001-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். சட்டத்தோடு மோத ஆயிரம் பேச்சாளர்கள் இருக்கலாம், எனக்கு இந்த ஒரு எண் போதும்.

பிறகு மலப்புறம். டாக்டர்கள் போகும் வேகத்தில் நோய் போகவில்லை என்று கண்டதும், அக்கம்பக்கத்துக்காரர்களையே அவர்கள் பழக்கினார்கள். பதினாறு மணி நேர வகுப்பு, செவிலியரோடு வீடுகளுக்குப் போய்வருவது, அவ்வளவுதான் பயிற்சி. டீக்கடையில் உண்டியல், மாதம் பத்து இருபது ரூபாய்ச் சந்தா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சில்லறை. ஆட்டோ ஓட்டுபவரும் மீன் விற்பவரும் சீழ்ப்புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவார்கள். நாற்றம் போனால் பேரப்பிள்ளை மறுபடி கட்டிலருகே வரும். வீட்டில் அரிசி இல்லையென்றால் அதையும் அந்தச் சந்தாவிலிருந்தே வாங்கினார்கள். கட்சி, மசூதி, கோயில், மாதாகோயில் எல்லாம் ஒரே உண்டியலில் காசு போட்ட அதிசயம் அது. கேரள அரசு 2008-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்து, உள்ளாட்சிகளிடம் வீட்டுப் பராமரிப்பை ஒப்படைத்தது. 2010-ல் ஒரு சர்வதேச ஆய்வு 40 நாடுகளை இறுதிக்காலப் பராமரிப்பில் வரிசைப்படுத்தியபோது இந்தியா நாற்பதாவது. அதே அறிக்கை கேரளத்தை விதிவிலக்கு என்று பாராட்டியது.

காகிதச் சண்டை தனியாக நடந்துகொண்டிருந்தது. விதிகளை எளிமையாக்கும்படி 1998-ல் மத்திய நிதியமைச்சகம் மாநிலங்களுக்கு மாதிரி விதியோடு கடிதம் அனுப்பியது. கேரளம் செய்தது, வேறு சிலவும் செய்தன, பல மாநிலங்கள் கோப்பைத் தூங்கவிட்டன. மாநிலம் மாநிலமாகக் கெஞ்சுவதைவிடச் சட்டத்தையே திருத்தலாம் என்று ராஜகோபாலும் அவர் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியாவும் மற்றவர்களும் டெல்லிக்கு நடையாக நடந்தார்கள். 2014 பிப்ரவரியில், பதினைந்தாவது மக்களவை கலைவதற்குச் சற்று முன், கூச்சல் நிறைந்த அந்தக் கடைசிக் கூட்டத்தொடரில், திருத்தம் நிறைவேறியது. மறு ஆண்டு விதிகள் வந்தன. மார்பின், ஃபென்டனில், மெதடோன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன. நாலைந்து உரிமங்கள் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. அந்தப் படிவத்தை நிரப்பியபோது நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தேன். நிரப்பி முடிக்க ஒரு முற்பகல் பிடித்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்குப் போய்ச் செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் அதில் இடம்பெற்றது. எங்கள் பக்கத்து ஒன்றியத்தில் இந்த வேலை பார்க்கும் செவிலியர் எனக்குப் பழக்கம். பையில் சிறுநீர்க் குழாய், பழைய வேட்டியைக் கிழித்துச் சுத்திகரித்த கட்டுத்துணி, பொடித்த மெட்ரோனிடசோல் எல்லாம் இருக்கும். மார்பின் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "அந்த ஒரு நாள் கூலி போகுதேன்னு பல பேரு போறதில்லீங்க அக்கா" என்றார்.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பீடு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் போன வருடம் செலவானதைப் பார்த்து, கொஞ்சம் சேர்த்து எழுதி அனுப்புகிறார்கள். கொடுக்காததால் செலவாகவில்லை, செலவாகாததால் கேட்கவில்லை. பயிற்சிக்கு வரும் இளம் மருந்தாளுநர்களிடம் நான் சொல்வது: பதிவேட்டை மூடி வையுங்கள், அந்தச் செவிலியரின் நோட்டை வாங்கி, இந்த ஒன்றியத்தில் எத்தனை பேர் வலியோடு படுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கை எழுதுங்கள். மலமிளக்கிக்கும் சேர்த்து.