வாக்கு முந்தியதா, பள்ளிக்கூடம் முந்தியதா?

எழுத்தறியாதவன் கையிலே வாக்குச் சீட்டைக் கொடுக்கலாமா? முதலில் கல்வியைக் கொடுத்து, அதன் பின்னரன்றோ வாக்கைக் கொடுத்தல் வேண்டும்? இலங்கையிலே கற்றோர் பலர் ஒரு காலத்தில் இவ்வினாவை மெய்யாகவே எழுப்பினர். நேயர்களே, அதற்கு நம் நாட்டு வரலாறு அளித்த விடையைச் சிறிது நோக்குவோம்.

1911ஆம் ஆண்டில், சட்டநிரூபண சபைக்குப் படித்த இலங்கையர் சார்பில் ஒரேயொரு பிரதிநிதி தெரிவு செய்யப்பட்டார். ஆங்கிலக் கல்வித் தகுதி பெற்ற ஏறக்குறைய 3000 ஆடவரே வாக்காளர். மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து நின்ற பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். சிங்களவரும் ஒரு தமிழரைத் தெரிந்தெடுத்தனர் என நாம் இன்றும் பெருமையோடு பேசுகின்றோம். பேசலாம்; ஆயினும் அன்று வாக்களிக்கும் பேறு பெறாதார் எத்துணைப் பேர் என்று கேட்பார் அரியர். பின்னர் 1924இல் வாக்குரிமை விரிந்தபோதும், எழுத்தறிவும் வருமானமோ சொத்தோ உடைய ஆடவர்க்கே அது கிட்டியது. சனத்தொகையில் நூற்றுக்கு நால்வரே வாக்காளராயினர்.

1927இன் இறுதியில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவினர் நால்வர் இங்கு வந்தனர். வாக்குரிமையை விரித்தல் ஆகாதென்று தலைவர்கள் பலர் சாட்சியம் கூறினர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா மறுபுறம் நின்றார். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா சென்றார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவரிடம் வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பது அவர் விடை. அந்த ஒரு விடையை நான் பல பிரசங்கங்களுக்கு மேலாக மதிக்கின்றேன்.

ஆணைக்குழு ஆடவர்க்கு 21 வயதையும் பெண்டிர்க்கு 30 வயதையும் விதந்துரைத்தது. ஈற்றில் இருபாலார்க்கும் 21 என்றாயிற்று. 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை அத்திட்டத்தை 19க்கு 17 என்னும் வாக்குகளால் ஏற்றது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிதலை அஞ்சிய இராமநாதன் அதனை வன்மையாக எதிர்த்தார். அவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

1931 ஜூனில் தேர்தல் நிகழ்ந்தது. பிரித்தானியாவிலே பெண்கள் ஆடவரோடு சம வாக்குரிமை பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. எழுத்தறியாதார் எங்ஙனம் வாக்களிப்பர்? வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறம். விரும்பியவரின் நிறம் பூசிய பெட்டியிலே சீட்டை இட்டால் போதும். இடர் அவ்வளவில் தீர்ந்தது! யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் மட்டும், பூரண சுயராச்சியம் வேண்டிய வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரத்தால் வெறுமையாயின, அது தனிக்கதை.

புதிய அரசாங்க சபையிலே கல்விக்குப் பொறுப்பான மந்திரியானவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கல்வி வந்தபின் வாக்கு என்றார்கள். வாக்கு வந்து 14 ஆண்டுகளின் பின்னரே எல்லார்க்கும் கல்வி என்பது சட்டமாயிற்று. ஏழைத் தந்தையின் வாக்கை நாடி நிற்போர், அவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் நினைக்க வேண்டியவராயினர்.

இதன் மறுபக்கத்தை மலைநாட்டிலே காணலாம். 1931இலேயே தோட்டத் தொழிலாளரின் பதிவுக்கு நிரந்தர வாசத்தைப் பற்றிய தடைகள் விதிக்கப்பட்டன. எனினும் பெரி. சுந்தரம் அற்றன் தொகுதியின் உறுப்பினராகி மந்திரிப் பதவியும் வகித்தார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அக்னஸ் டி சில்வா எவர்க்காகப் பேசினாரோ அப்பெண்களின் பெயர்களும் இடாப்பிலிருந்து நீங்கின. நாடெங்கும் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்த பின்னரும், தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலே, ஓரறையும் ஓராசிரியருமாகக் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலேதான். நாடற்றவராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 ஆயிற்று.