முத்து, ஆமையோடு, சங்கு: எமது கரையின் அணிகலன் வரலாறு

புத்தளம் மாவட்டக் கரையோரம் என்றதும் உப்பளமும் கருவாடும் தென்னந்தோப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இக்கரை ஒரு காலத்தில் உலகின் பெண்களுக்கும் அரசர்களுக்கும் அணிகலன் கொடுத்த கரை என்பதை எமது இளைய மாணவிகளில் சிலரே அறிவர். முத்து, ஆமையோடு, சங்கு ஆகிய மூன்றும் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை அல்ல; உயிருள்ள விலங்குகளின் உடலிலிருந்து வந்தவை. அந்த அழகுக்கு அவ்வுயிர்களும், அவற்றைத் தேடிக் கடலில் இறங்கிய மனிதரும் கொடுத்த விலை என்ன என்பதை நூற்றாண்டு மலரில் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

பயணிகள் கண்ட முத்து

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், இத்தீவின் விளைபொருள்களில் முத்தையும் ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது. காற்றால் அடித்துவரப்பட்ட உரோமர் ஒருவர் கரை சேர்ந்த இடம் ஹிப்புரோஸ் என்கிறார் பிளினி. கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே அது எமது குதிரைமலை முனையே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 1344இல் புத்தளம் வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் அதிகாரிகள் முத்துகளைத் தரம் பிரித்துக் கொண்டிருந்ததைக் கண்டு எழுதினார். முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்றொரு சொல் உண்டு. சிலாபம் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்தே வந்தது என்பர்.

பார்கள் வெறுமையான கதை

முத்துச் சிப்பிகள் கடலடியில் பார் எனப்படும் கடினத் தரையில் ஒட்டி வளர்பவை. இப்பார்கள் மன்னாருக்குத் தெற்கிலிருந்து சிலாபம் வரை பரந்திருந்தன. கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் தோணிகள் புறப்படும். சுழியோடிகள் கல்லைத் துணையாகக் கொண்டு ஆழத்தில் இறங்கி, ஒரு நிமிடமளவு மூச்சடக்கிச் சிப்பி அள்ளினர். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் 'கடற்கட்டி' இல்லாமல் அவர்கள் இறங்க மறுத்தார்கள். அள்ளிய சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடுவர். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது. உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி போன்ற உறுத்தலைச் சிப்பி தன் பூச்சால் மூடித் தன்னைக் காத்துக்கொள்வதால் பிறப்பதே முத்து. மருத்துவர்களாகிய எமக்கு அது ஓர் உயிரின் நோயெதிர்ப்பாகவே தெரிகிறது.

பார்கள் ஒருபோதும் ஆண்டுதோறும் விளைந்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1768 முதல் 1796 வரையும், ஆங்கிலேயர் காலத்தில் 1837 முதல் 1854 வரையும் குளிப்பு நடக்கவில்லை. 1887 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அள்ளிய பின் பத்தாண்டு வெறுமை. காரணம் அறிய 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். மணல் மூடுதல், திருக்கை போன்ற மீன்கள் தின்னுதல், மிகையாக அள்ளுதல் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. இருந்தும் 1905இல் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் அள்ளப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபா அளவில் வருமானம் கிடைத்தது. மறு ஆண்டே பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் அள்ளுவதற்குச் சிப்பி இல்லை. பின்னர் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் சந்தைக்கு வந்தது.

முத்துக்குளிப்பின் கூடாரங்கள் எழுந்த சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் மக்கள் 1990 ஒக்டோபரில் இடம்பெயர்க்கப்பட்டுப் புத்தளம் வந்தனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தார்கள். முத்துக்கரையின் நினைவும் அவர்களோடு எமது வகுப்பறைக்குள் வந்தது.

ஆமையும் சங்கும்

ஆமையோட்டுச் சீப்பும் வளையலும் செய்ய உதவியது அழுங்காமையின் ஓடு. இறந்த ஆமையின் ஓடு நிறம் மங்கும் என்பதால், முட்டையிடக் கரையேறிய ஆமையை உயிருடன் நெருப்பின் மேல் தொங்கவிட்டு ஓட்டைக் கழற்றி, பின் கடலில் விட்ட கொடுமையை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலில் விவரித்துள்ளார். இன்று எமது கடலின் ஐந்து வகை ஆமைகளும் 1937ஆம் ஆண்டு வனவிலங்குக் கட்டளைச் சட்டத்தின் பின்வந்த திருத்தங்களால் பாதுகாக்கப்படுகின்றன. ஓட்டை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையலாகியது. சங்குக்குளிப்பு இன்னும் ஓயவில்லை. கற்பிட்டியில் காற்றுச் சிலிண்டருடன் சங்கும் கடல் அட்டையும் தேடுவோர், கரையோரச் சங்குகள் குறையக் குறைய மேலும் ஆழத்துக்குப் போகின்றனர். ஆழத்தில் நெடுநேரம் இருந்து விரைவாக மேலெழுந்தால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழிகளாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், சில வேளை இடுப்புக்குக் கீழ் முழு முடக்கம். உடனே ஒட்சிசன் கொடுப்பதும் அழுத்த அறைச் சிகிச்சையும் பலரைக் காப்பாற்றும். 'வாதம் பிடித்தது' என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பது ஆபத்து. கடலில் உயிரினம் குறைவதன் சுமை கடைசியில் ஏழைச் சுழியோடியின் முதுகெலும்பில் இறங்குகிறது.

உடலிலிருந்து உருவத்துக்கு

இதற்கு மாற்று வழியும் எமது மரபிலேயே உண்டு. எமது பொற்கொல்லர்கள் அன்னத்தையும் மயிலையும் மீனையும் பொன்னில் வடித்தார்கள். அதற்காக ஒரு மயிலும் சாகவில்லை. இன்று உலகெங்கும் கைவினைஞர்கள் ஆமை, திமிங்கிலம், பவளம் ஆகியவற்றின் வடிவத்தை வெள்ளியிலும் பித்தளையிலும் மரத்திலும் களிமண்ணிலும் செய்கிறார்கள். சிலர் வருமானத்தில் ஒரு பங்கை அவ்விலங்குகளின் பாதுகாப்புக்கும் கொடுக்கிறார்கள்.

1992இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் பவளப்பாறை எமது கரையில் இருக்கிறது. கார்த்திகை முதல் சித்திரை வரை டொல்பின் கூட்டங்கள் கற்பிட்டிக்கு அப்பால் துள்ளுகின்றன. வடிவம் தேடி எமது மாணவிகள் வேறெங்கும் போகவேண்டியதில்லை. நூற்றாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு வெளியே பதக்கம் வாங்குவதற்குப் பதிலாக, சித்திர வகுப்பு மாணவிகள் தம் கையால் டொல்பினும் ஆமையும் சிப்பியும் வடித்துத் தரட்டும். பழைய மாணவிகளாகிய நாம் அதற்கான செலவை ஏற்போம். கடற்கரையில் விற்கும் பவளத் துண்டையும் ஆமையோட்டு மோதிரத்தையும் வாங்கமாட்டோம் என்றும் முடிவெடுப்போம். எமக்கு முந்திய தலைமுறைகள் பார்களை வெறுமையாகக் கண்டன. அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைகள், டொல்பினைப் பதக்கத்தில் மட்டுமன்றிக் கடலிலும் காண வேண்டும்.