மோல் என்னும் மூட்டை

ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று ரசாயன சாஸ்திரியைக் கேட்டால், "மோலுக்கு 436 கிலோஜூல்" என்பார். பௌதிக சாஸ்திரியோ, "மூலக்கூறு ஒன்றுக்கு 4.52 எலெக்ட்ரான் வோல்ட்" என்பார். இரண்டும் ஒரே விடைதான். முன்னவர் தராசில் நிறுக்கக்கூடிய இரண்டு கிராம் வாயுவைப் பற்றிப் பேசுகிறார். பின்னவர் கண்ணுக்கே தெரியாத ஒற்றைத் துகளைப் பற்றி. நெல்லை மூட்டைக் கணக்கில் சொல்கிறவரும் மணிக் கணக்கில் சொல்கிறவரும் சந்தித்தது போலத்தான். மூட்டைக்கு எத்தனை மணி என்று தெரிந்துவிட்டால் வழக்கே இல்லை.

அது தெரிவதற்குத்தான் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஒரே வெப்பமும் அழுத்தமும் உள்ள வாயுக்களில், சம கன அளவுக்குள் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-ல் இத்தாலியரான அவகாட்ரோ சொன்னார். எத்தனை என்பது 1856-ல் அவர் கண்மூடும்போதும் யாருக்கும் தெரியாது. இன்று அந்த எண்ணுக்கு அவர் பெயர்! 1865-ல் வியன்னாவில் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் பருமனைக் கணித்து வழி திறந்தார்.

லோஷ்மிட்டின் சிநேகிதர் போல்ட்ஸ்மன். அணுவுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ஓஸ்ட்வால்டு போன்ற பெரியவர்களோ அணு என்பது வெறும் சௌகரியமான கற்பனை என்றார்கள். 1906-ல் போல்ட்ஸ்மன் தற்கொலை செய்துகொண்டார். எதிர்ப்புத்தான் அவரைக் கொன்றது என்று எழுதிவிட என்னைப் போன்ற கதைக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் நெடுநாள் மனச்சோர்வால் வாடியவர். பழியை யார் தலையிலும் போட எனக்கு மனமில்லை. இன்னும் மூன்று வருஷம் இருந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால், 1908-ல் பாரிஸில் பெரின் என்பவர், ஓவியர்கள் வர்ணத்துக்குப் பயன்படுத்தும் ஒரு மஞ்சள் பிசினை நுண்ணிய உருண்டைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டார். மைக்ராஸ்கோப்பின் கீழ், எந்த உயரத்தில் எத்தனை உருண்டைகள் என்று பொறுமையாக எண்ணினார். மலைமேல் ஏற ஏறக் காற்று மெலிகிறதல்லவா? அதே விதி அந்தத் துளிக்குள்ளும் இருந்தது! அதிலிருந்து கிடைத்த எண், 6 அல்லது 7-க்குப் பின் 23 சைபர். வேறு வழிகளில் கணக்கிட்டாலும் ஏறக்குறைய அதுவே வந்தது. 1909-ல் ஓஸ்ட்வால்டே தம் பாடநூலின் முன்னுரையில் அணுவை ஒப்புக்கொண்டார்.

பிறகு கணக்கு சுலபம். ஒரு மோல் எலெக்ட்ரான்களின் மின்னூட்டம் 96,485 கூலோம். ஆகவே, துகளுக்கு ஒரு எலெக்ட்ரான் வோல்ட் என்றால் மோலுக்கு 96.485 கிலோஜூல். 4.52-ஐ இதனால் பெருக்கிப் பாருங்கள், 436 வரும்.

2019 முதல் அந்த எண்ணை யாரும் அளப்பதில்லை. 6.02214076-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவதுதான் என்று சர்வதேச அளவை மாநாட்டார் நிர்ணயித்தே வைத்துவிட்டார்கள்.