‘நாண்’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

இன்றைய வழக்கில் ‘நாணம்’ என்றவுடன் தலைகுனிந்து நிற்கும் மணப்பெண்ணே நினைவுக்கு வருகிறாள். பழிக்கு அஞ்சாதவனை ‘வெட்கங்கெட்டவன்’ என்பர். ‘நாணங்கெட்டவன்’ என்பது அரிது. பழந்தமிழிலோ ‘நாண்’ என்பது பெண்ணின் இயல்பை மட்டுமன்றி, இருபாலார்க்கும் உரிய அறவுணர்வையும் குறித்தது. இவ்விரு பொருள்களின் உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கண மரபு

தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆணுக்கு உரியனவாகவும், அச்சம், நாண், மடன் ஆகியவற்றைப் பெண்ணுக்கு உரியனவாகவும் வகுக்கிறது. பிற்காலத்தார் பயிர்ப்பையும் சேர்த்து நாற்குணம் என்றனர். உயிரைவிட நாணும், நாணைவிடக் கற்பும் சிறந்தவை என்ற வரிசைமுறையும் களவியலிலேயே இடம்பெறுகிறது. நாணைப் பெண்பாற் பண்பாகக் காணும் நோக்குக்கு இவ்வாறு பழமையான இலக்கணச் சான்று உண்டு.

புறத்திணை மரபு

புறநானூறு வேறொரு நாணைக் காட்டுகிறது. வெண்ணிப் போரில் கரிகால் வளவனோடு பொருத பெருஞ்சேரலாதன், தன் முதுகில் நேர்ந்த புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். இதனைக் கழாத்தலையார் பாடியுள்ளார் (புறம். 65). வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்தி, தோற்றவனே அவனினும் நல்லவன் அல்லனோ என வினவுகிறார் (புறம். 66). வெற்றியையும் விஞ்சும் மதிப்பை இங்கு ஓர் ஆணின் நாண் பெறுகிறது. அம்மதிப்பை எடுத்துரைப்பவர் ஒரு பெண்பாற் புலவர்.

திருக்குறளில் இருவகை நாண்

இவ்விரு பொருள்களையும் வெளிப்படையாக வேறுபடுத்தியவர் வள்ளுவர். ‘நாணுடைமை’ அதிகாரத்தின் முதற்குறள், தகாத செயல் கருதி நாணுவதே நாண் என்றும், மகளிர் நாணம் அதனின் வேறு என்றும் பிரிக்கிறது (1011). தம் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுவோரை நாணின் உறைவிடமாக உலகம் கொள்ளும் என்கிறது மற்றொரு குறள் (1015). அதிகாரத்தின் இறுதியில், அகத்தில் நாண் இல்லாதவர் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவைக்கு ஒப்பாகின்றனர் (1020). ‘நாண்’ என்பதற்குக் கயிறு என்னும் பொருளும் உண்டு. உள்ளிருந்து இயக்கும் நாண் இல்லாதவரைப் புறத்தேயுள்ள நாணே இயக்குகிறது என்னும் நயம் இங்கு அமைகிறது.

காமத்துப்பாலிலும் நாண் பெண்ணுக்கு மட்டும் உரியதாக இல்லை. ‘நாணுத்துறவுரைத்தல்’ அதிகாரத்தில் மடலேறத் துணியும் தலைவன், நாணும் நல்லாண்மையும் முன்பு தன்னிடம் இருந்தன என்கிறான் (1133). இரண்டும் ஒருசேரக் கூறப்படுவதால் ஆண்மைக்கு நாண் முரணாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு.

முடிவுரை

‘நாணம்’ பெண்மையின் அணியாகச் சுருங்க, அதன் அறப்பொருளை வெட்கம், மானம் முதலிய சொற்கள் ஏற்றன. எனினும் இம்மாற்றத்தைச் சொல்லுக்குச் சொல் ஈடாக நிகழ்ந்த மாற்றமாக மட்டும் கொள்ள இயலாது. மானம் பெரும்பாலும் தன்மதிப்பைச் சார்ந்தது. பிறர் பழிக்கும் நாணும் உணர்வை அச்சொல் முழுமையாகத் தாங்குவதில்லை. எனவே பழந்தமிழ்ப் பனுவல்களில் வரும் ‘நாண்’ அனைத்திற்கும் ‘பெண்ணின் கூச்சம்’ என உரை காண்பது, இருபாலார்க்கும் பொதுவான ஓர் அறத்தை ஒருபாலார் மீது மட்டும் சுமத்துவதாக முடியும். இடம் நோக்கிப் பொருள் கொள்வதே பொருத்தமானது.