கல்லில் எழுதிய அமுதும் எழுதாத கூழும்

காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலுக்கு நான் முதன்முறை சென்றது அங்குள்ள நூற்றுக்கால் மண்டபத்தின் சிற்பங்களைக் காண்பதற்காக. ஆயினும் அன்று என் நெஞ்சில் ஆழப் பதிந்தது கல்லன்று. பிரசாதமாகக் கையிற் கிடைத்த ஒரு துண்டு இட்டிலியே. நாம் இல்லத்தில் உண்ணும் வெள்ளை இட்டிலி அன்று அது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் ஆகியவற்றைச் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கிற் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து எடுத்தது. அதில் காரம் உண்டு, மிளகாய் இல்லை.

மாணவ நண்பர்களே, 'மிளகாய் இல்லை' என்னும் அச்சிறு செய்தியில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர் கடல்வழியே இந்தியாவுக்கு வந்த பின்னரே அது நம் நாட்டை அடைந்தது. பின்பு ஏழையின் குடிசை முதல் செல்வரின் மாளிகை வரை எல்லா அடுக்களைகளிலும் அது புகுந்தது. கோயில் மடைப்பள்ளி மட்டும் பழைய மிளகையே போற்றி வந்தது. தொல்லியலார் மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து காலத்தைக் கணிப்பர். உணவிலும் அவ்வாறு காலத்தின் அடுக்குகளைக் காணலாம் என்பதை அந்த ஒரு துண்டு இட்டிலி எனக்கு உணர்த்தியது.

கோயிலின் உணவுக்குக் கல்லே சான்று பகர்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இறைவனுக்குப் படைக்கும் உணவைத் திருவமுது என்று போற்றுகின்றன. கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு நெய் என்று நாழியும் உழக்கும் பிசகாமல் கணக்குக் காட்டுகின்றன. அளித்தவர் யார், அளித்த நிலம் யாது என்பனவும் அங்கே உள்ளன. கல்லில் வெட்டிய சமையற் குறிப்பு என்றே அவற்றைக் கூறலாம்.

அந்தக் கணக்கின்மேல் அந்நியர் ஆட்சியின் கை எப்போது விழுந்தது? காஞ்சியைச் சூழ்ந்த நிலப்பகுதியை ஆற்காட்டு நவாபு 1763ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1794 முதல் 1798 வரை அதன் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்தைக் கம்பெனியின் மேற்பார்வையில் கொண்டுவந்தார். பின்னர் 1817ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களின் அறக்கொடைகளை அரசின் கண்காணிப்பில் வைத்தது. இறைவனின் அமுதுக்கு உரிய நெல்லும் நெய்யும் கம்பெனியாரின் கண் பார்க்கும் கணக்காயின. ஆயினும் மடைப்பள்ளியின் பக்குவம் மாறவில்லை. கணக்கை எழுதும் கை மாறியபோதும், சமைக்கும் கை பழைய நெறியையே பின்பற்றியது.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் வரலாறு படிப்போர் அவ்விடத்தே நின்றுவிடலாகாது. அதே ஊரில், தறிக்குழியில் கால் வைத்துக் காலை முதல் மாலை வரை பட்டு நெய்த மக்கள் என்ன உண்டார்கள்? அவர்களுடைய கூழைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. கோயிலின் வாயிலும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1939, 1947ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அந்த அமுது எட்டாத பொருளாகவே இருந்தது.

எளியோரின் உணவு ஏட்டில் ஏறியது பஞ்சம் வந்தபோதுதான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதனுடன் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமேனும் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார். அவர் கேட்டதில் ஒரு பகுதி மட்டும் சில திங்களில் ஏற்கப்பட்டது.

அந்த வாதத்தை நான் படித்தபோது ஒன்று என் மனத்தை உறுத்தியது. இருவரும் பேசியது எடையைப் பற்றி. உண்பவன் கேழ்வரகு உண்டு பழகியவனா, சோளம் உண்டு பழகியவனா, அவன் வீட்டுக் கூழின் சுவை யாது என்பன அக்கணக்கில் இடம்பெறவில்லை. கோயிலின் அமுதுக்குப் பெயர் இருந்தது. எளியவனின் உணவுக்கு எடை மட்டுமே இருந்தது. கூழில் இட வேண்டிய உப்பைக்கூட 1805ஆம் ஆண்டிலேயே கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரணியத்தில் உப்பள்ளியது, அந்த உரிமையை மீட்பதற்கே அன்றோ?

அப்படியானால் எழுதப்படாத உணவின் வரலாற்றை எவ்வாறு அறிவது? இதற்கு நெடுந்தொலைவில் உள்ள ஒரு நாடு வழி காட்டுகிறது. கனடாவின் பனி சூழ்ந்த லாப்ரடார் கரையில் இன்யூட் என்னும் மக்கள் வாழ்கின்றனர். 1771ஆம் ஆண்டில் அங்கே மொரேவியப் பாதிரிமார் நெயின் என்னும் இடத்தில் நிலையம் அமைத்தனர். புதிய சமயமும் புதிய வாணிகமும் புகுந்தன. அம்மக்கள் தம் பழைய வாழ்வை மறந்தனர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவர்கள் குப்பை கொட்டிய இடங்களைத் தொல்லியலார் அகழ்ந்தபோது, ஐரோப்பியப் பீங்கான் கிண்ணங்களின் ஓடுகளோடு கடல்நாயின் எலும்புகளும் கிடைத்தன. அவர்கள் தட்டுகளைவிடக் கிண்ணங்களையே விரும்பி வாங்கியிருந்தனர். இறைச்சிச் சாற்றைப் பருகக் கிண்ணமே ஏற்றது. கலம் அந்நியருடையது, உணவோ தம்முடையது. அவர்கள் எழுதி வைக்காத செய்தியை எலும்பும் ஓடும் எடுத்துரைத்தன.

காஞ்சியின் மண்ணிலும் அத்தகைய ஓடுகள் உறங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பானையின் உட்சுவரில் ஊறிய கொழுப்பைச் சோதித்து, அதில் என்ன சமைத்தார்கள் என்பதை அறியும் முறை இன்று வளர்ந்துள்ளது. பழைய மன்னர் காலத்துக்கு மட்டுமின்றி, கம்பெனி ஆட்சிக் காலத்து நெசவாளர் தெருவின் குப்பைமேட்டுக்கும் அம்முறையைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, அமுதசுரபியோடு வற்கடத்தால் வாடிய காஞ்சி நகருக்கு வந்ததாக நம் காப்பியம் கூறுகிறது. அப்பாத்திரத்தின் முன் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாடு இல்லை. வரலாற்றின் ஏடும் அவ்வாறே இருக்க வேண்டும் அன்றோ?

நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. உங்கள் பாட்டியாரிடம் சென்று, அவர் இளமையில் என்ன உண்டார், எந்தக் கலத்தில் சமைத்தார், எதை உண்ண முடியாமற் போயிற்று என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். கோயிலின் அமுதைக் கல் காத்தது. உங்கள் வீட்டுக் கூழைக் காக்க உங்கள் குறிப்பேட்டை விட்டால் வேறு கல் இல்லை.