நினைவகத்தைக் கூட்டுவதா, கணிப்பொறியையே மாற்றுவதா?

1981ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சின்கிளேர் இசட்.எக்ஸ்.81 என்னும் சிறிய இல்லக் கணிப்பொறி 69.95 பவுண்டு விலைக்கு வெளிவந்தது. அதன் நினைவகம் 1024 பைட்டுகளே. அதில் 125 பைட்டுகளைக் கணிப்பொறி தன் உள்வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளும். திரை முழுவதும் எழுத்துகள் நிரம்பினால் மேலும் 793 பைட்டுகள் போய்விடும். நிரல் எழுத எவ்வளவு மிஞ்சும்? நீங்களே கழித்துப் பாருங்கள். ஏறத்தாழ நூறு பைட்டுகள்தாம்!

1982இல் அதை வைத்திருந்தவர்கள் முன் இரு வழிகள் இருந்தன. பின்புறத்தில் 16 கிலோபைட்டு நினைவகப் பெட்டியைச் செருகலாம். நினைவகம் 16 மடங்காகும்; ஆனால் வண்ணமோ ஒலியோ வாரா. பெட்டி சற்றே ஆடி இணைப்பு விட்டுப்போனால், நாடாவில் பதிந்து வைக்காத நிரல் முழுவதும் அழிந்துவிடும். அல்லது, அவ்வாண்டு ஏப்ரலில் அறிமுகமான ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியை 125 பவுண்டு கொடுத்து வாங்கலாம். அதில் நினைவகமும் 16 கிலோபைட்டு; வண்ணமும் ஒலியும் உண்டு.

இரண்டும் இன்றியே சாதித்தவரும் உண்டு. டேவிட் ஹார்ன் என்பவர் அந்த 1024 பைட்டுக்குள்ளேயே, வெறும் 672 பைட்டுகளில், சதுரங்கம் ஆடும் நிரலை எழுதிவிட்டார். சில விதிகளை மட்டுமே அவர் விட்டுவிட நேர்ந்தது.

தொடராக இணைத்த மின்தடைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் மிகப் பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைக் குறைத்தால் மின்னோட்டம் அதிகம் உயராது. உங்கள் வீட்டுக் கணிப்பொறியும் அப்படியே. தடை நினைவகத்திலா, சேமிப்புத் தட்டிலா, செயலியிலா என்று முதலில் கண்டறியுங்கள். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.